துரையின் தொப்பியில் எடுத்த சீட்டு

மலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். வருஷா வருஷம் மே மாதம் மிஷன் வாத்தியார்களை மூன்று நாள் மலைக்கு அழைத்துப் போவார்கள். ஓய்வு, ஜெபம், இரண்டு வேளை காப்பி. கீழே காய்ந்து கிடக்கும் ஆத்துமா மேலே போனால் துளிர்க்கும் என்பது மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் எண்ணம். நல்ல மனுஷர், பாவம். குளிர் அவருக்கு ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்.

நானும் என் மனைவியும் புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். கூரை வெறும் ஓலைதான். மழை வந்தால் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டுவார்கள். சின்ன வகுப்பு அவளுக்கு, பெரிய வகுப்பு எனக்கு. அந்த வருஷம் மாசியில் எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயசு. ஒரே பிள்ளை.

அதோடு எனக்கு ஜெபம் நின்றுபோனது. முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் அவள் இருமல்தான் காதில் கேட்கும். ஆனால் என் மனைவி ஒரு நாள் விடவில்லை. காலையும் மாலையும் தெளிவான குரலில் ஜெபம் பண்ணுவாள். சரி, வீட்டில் ஒருத்தருக்காவது விசுவாசம் இருக்கிறதே, அவளைப் பிடித்துக்கொண்டு நானும் காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தே மலை ஏறினோம். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் மௌன நாள். நற்கருணை ஆராதனை வரைக்கும் யாரும் பேசக் கூடாது. அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் ஆத்துமாவின் தேவையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் துரையின் தொப்பியில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொன்று எடுத்து, அதற்காக ஒரு வருஷம் ஜெபிக்க வேண்டும். எடுத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது.

எனக்கு ஜெபம் வரவில்லை என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். அதற்குத்தானே மலை ஏறினேன்! பக்கத்தில் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கிறவர் உட்கார்ந்திருந்தார். பயந்துவிட்டேன். 'எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை வேண்டும்' என்று எழுதிப் போட்டேன். வெட்கங்கெட்டவன்.

தொப்பி சுற்றி வந்தது. எடுத்துப் பிரித்தேன். கரும்பலகையில் தினமும் நான் பார்க்கிற கையெழுத்து.

'பிள்ளை போன நாள்முதல் என் வாய்தான் ஜெபிக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. நான் நிறுத்தினால் என் வீட்டுக்காரர் உடைந்துபோவார். அவருக்குத் தெரியக் கூடாது.'

எதிரே பெண்கள் பக்கத்தில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, இங்கே இரண்டு மண்குதிரைகள் ஒன்றையொன்று நம்பி இறங்கியிருந்தன.

மலை இறங்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன சீட்டுங்க வந்துச்சு?"

"சொல்லப்படாது புள்ள."

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீடு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல முழங்கால் போட்டாள். அதே தெளிவான குரல். நான் இடம் பார்த்துப் பார்த்து ஆமென் சொன்னேன். முன்பைவிடச் சத்தமாகவே சொன்னேன். அவள் நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன்? அவளுக்காக ஒரு நாளும் என்னால் ஜெபிக்க முடியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வண்டி ஓடு வந்து இறங்கியது. எந்த ஊரிலோ ஒரு வாத்தியார் என் பொய்ச் சீட்டை வைத்துக்கொண்டு உண்மையாகவே ஜெபித்திருக்கிறார். ஆட்கள் ஓடு வேய்வதை நாங்கள் இரண்டு பேரும் கீழே நின்று பார்த்தோம்.

"பாத்தீங்களா, ஆண்டவர் கேட்டுட்டாருங்க," என்றாள். எனக்காகத்தான் சொன்னாள்.

"ஆமா புள்ள, கேட்டுட்டாரு," என்றேன்.