தாழ்வாரத்தில் ஒரு சங்கிலி

"வழி! வழி! இது நடக்கிற எடம், கடை பரப்புற எடம் இல்ல!"

காலையில் இந்தச் சத்தம் என் கடை வாசலைக் கடந்து போகும். சத்தத்துக்குச் சொந்தக்காரி அசுந்தா. வெள்ளைக் கைத்தடியால் தாழ்வாரத்துத் தூண்களின் அடியைத் தட்டிக்கொண்டு, நாக்கை 'டக் டக்' என்று சொடுக்கிக்கொண்டு வருவாள். தட்டுவது தூணைத் தெரிந்துகொள்ள. சொடுக்குவது, தலைக்கு மேல் வளைவு எவ்வளவு உயரம், எதிரே எவனாவது மரம் மாதிரி நிற்கிறானா என்று தெரிந்துகொள்ள. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் வாய் இருக்கிறது, ஊருக்கே காணும்.

என் பெயர் ஒர்னெல்லா. ஆணி, பூட்டு, குழாய், கயிறு விற்கிற கடை எனக்கு. அசுந்தா இத்தாலியின் தெற்குக் கோடியில் ஒரு மலை ஊரிலிருந்து, எங்கள் பொலோனியாவின் பழைய பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்க வந்தவள். தெற்கத்திக்காரர்கள் பழகின மறுநாளே ஆளை உறவாக்கிவிடுவார்கள். "அத்தே, புதுக் கயிறு வந்திருக்கு போல, வாசனை வருதே" என்றுதான் என்னிடம் முதலில் பேசினாள். யாருக்கு யார் அத்தை என்று அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது அவள் கூப்பிடாத காலையில் எனக்குக் காபி இறங்குவதில்லை.

"ஊர் பாக்கப் போறேன்" என்றுதான் சொல்வாள். 'பாக்க' என்ற சொல்லைக் கேட்டு யாராவது சங்கடப்பட்டு இருமினால் தொலைந்தார்கள். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து வாயைப் பிளந்து பார்க்கிற ஊரை இவள் உள்ளங்காலால் பார்க்கிறாள். பணக்காரத் தெருவில் தரை வழவழவென்று இருக்கும், "பாங்குக்காரன் தரை, என்னைத் தள்ளிவிடத்தான் பாலீஷ் போட்டிருக்கான்" என்பாள். மீன் கடைச் சந்தில் செங்கல் எப்போதும் ஈரம். மரத்தூண் வைத்த பழைய வீட்டுக்கு அடியில் நாக்கைச் சொடுக்கினால் சத்தம் திரும்பி வராதாம், மரம் குடித்துவிடுமாம். இரட்டைக் கோபுரத்தடியில் காற்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மோதிக்கொள்ளும். அங்கே போய் நின்று, புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேட்பது போல ரசிப்பாள்.

பெரிய சதுக்கத்தின் நடுவில் ஒரு மேடை உண்டு. படிக்கிற பிள்ளைகள் அதன் குறுக்கே நடந்தால் பட்டம் கிடைக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கண் தெரிகிற பிள்ளைகளே பேச்சு சுவாரசியத்தில் ஏறிவிட்டு அலறிக்கொண்டு இறங்குவார்கள். அசுந்தா ஒருநாளும் ஏறினதில்லை. "ஒரு படி ஒசரம் இருக்கே அத்தே. கால்ல தட்டுதே. இவங்களுக்கெல்லாம் கால் எதுக்கு?" என்பாள்.

அவளுடைய கோபங்களைக் கேட்டால் நியாயம் என்றுதான் தோன்றும். தாழ்வாரத்தில் செத்த நாய் மாதிரி கிடத்திவிட்டுப் போகும் வாடகை ஸ்கூட்டர்கள். கடகடவென்று பெட்டியை உருட்டி, அவள் காது முழுவதையும் நிரப்பிவிட்டுப் போகும் பயணிகள். கேட்காமல் கையைப் பிடித்து இழுத்து, அவள் கடக்கவே நினைக்காத சாலையைக் கடத்திவிட்டுப் புண்ணியம் சம்பாதிக்கிறவர்கள். இவர்கள் எல்லோரையும்விட அவளுக்கு ஆகாதது ஒரு சொல். 'பாவம்.' அதை யாராவது சொல்லிவிட்டால் தெற்கத்திப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்துவிடும். "யாருவே பாவம்? ஒம்ம வீட்டுச் சோத்துலயா கைய வச்சேன்?"

எங்கள் ஊர்த் தாழ்வாரத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தூண், தரை, மேல் வளைவு எல்லாம் வீட்டுக்காரனுடையது. பழுது பார்ப்பதும் கூட்டுவதும் அவன் பாடு. ஆனால் நடை மட்டும் ஊருடையது. யாரும் யாரையும் மறிக்கக் கூடாது. அதனால்தான் எத்தனை மழை பெய்தாலும் நாங்கள் குடையில்லாமல் ஊரைச் சுற்றுகிறோம். என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து இப்படித்தான்.

இந்த வழக்கத்தைக் காலால் எட்டி உதைக்க, போன வசந்தத்தில் என் பக்கத்துக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார் அமெதேயோ. உணவகம் திறந்தார். மேசை போட்டார், சரி. இரண்டு முனையிலும் ஆளுயர எலுமிச்சைத் தொட்டி வைத்தார், சரி. மேலே வளைவிலிருந்து உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடைகளைத் தொங்கவிட்டார். பயணிகள் அண்ணாந்து படம் எடுத்துத் தள்ளினார்கள். அசுந்தா முதல் நாளே மூக்கை உறிஞ்சிவிட்டு, "அத்தே, வாசனையே இல்ல, மரத்துல செஞ்சு சாயம் அடிச்சுத் தொங்கவிட்டிருக்கான்" என்றாள். நான் ஏணி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். மரம்தான். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் மரத் தொடை! அன்றைக்கே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது.

பிறகு சாப்பாட்டு வேளைகளில் தூணிலிருந்து சுவர் வரைக்கும், வழியை அடைத்து, முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளைச் சங்கிலி கட்டினார். நடந்து போகிறவர்கள் சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சலாம். தெருவில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டுமாம். சங்கிலி என் கடையில் வாங்கினதில்லை. வாங்க வந்திருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பேன். நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அமெதேயோ கொடுத்த காபியைக் குடித்தார். "இறங்கிப் போகத் தெரு இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் பேருந்து ஓடுகிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

முழங்கால் உயரச் சங்கிலிக்கு அடியில் கைத்தடி தாராளமாகப் போகும். கால்தான் போகாது. முதல் தடவை அசுந்தா விழுந்தபோது உள்ளங்கை உரிந்தது. எழுந்து அமெதேயோவுடன் சண்டை போட்டாள். அவர் அவளைவிட மெதுவாகப் பேசினார். "பாவம்மா நீ. தனியா ஏன் வர்றே? தினமும் நீ வர்ற நேரத்துக்கு எங்க பையன் ஒருத்தன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவான், சரியா?" மேசையில் இருந்தவர்கள் அவரை எவ்வளவு நல்லவர் என்பது போலப் பார்த்தார்கள்.

"எனக்குக் கை வேண்டாம். வழி வேணும்" என்றாள் அசுந்தா.

அன்று என் கடைக்குள் உட்கார்ந்து காயத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அத்தே, இது வெளியில போகக் கூடாது. நான் இங்க படிக்க வந்தப்ப அம்மா ஒரே ஒரு கட்டளைதான் போட்டா. விழுந்து அடிபட்டேன்னு காதுல விழுந்தா, அடுத்த ரயில்ல ஊருக்கு வந்துடணும். அங்க எனக்கு வீடு உண்டு, வாசல் உண்டு. வாசலைத் தாண்டினா அம்மா கை உண்டு. அவ்வளவுதான்."

பயணிகள் பெட்டி உருட்டின சத்தத்தில் தூண் கணக்குத் தவறி, இரண்டாம் தடவை விழுந்தபோது முழங்கால் கிழிந்தது. நான் மருந்து எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள், கீழே விழுந்து அடித்துக்கொண்டிருந்த அவளுடைய போனை அமெதேயோ எடுத்து, அவள் அம்மாவிடம் பேசி முடித்திருந்தார். "கவலைப்படாதீங்கம்மா, விழுந்துட்டா, ரத்தம் கொஞ்சம்தான், நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். உபகாரமாம்! கட்டினதும் அவர், விழுத்தாட்டினதும் அவர், கோள் சொன்னதும் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மருந்துப் புட்டியை அவர் தலையில் போட்டிருப்பேன்.

அதற்கு இரண்டாம் நாள் காலை அசுந்தாவின் அம்மா ஃபிலொமேனா வந்து இறங்கினாள். குட்டையான, அகலமான பெண்பிள்ளை. ஒரு கையில் வறுத்த சிவப்பு மிளகாயும் ரொட்டியும் கட்டின மூட்டை. இன்னொரு கையில் சாயங்கால ரயிலுக்கு இரண்டு சீட்டு.

"ஏட்டி, துணிய எடுத்து வையி. படிச்சது போதும்."

"போறதுக்கு முன்னாடி ஊரைப் பாக்க வேண்டாமா? நான் காட்டறேன்" என்றாள் அசுந்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அத்தே, நீங்களும் வாங்க. இல்லேன்னா வழியிலேயே என்னை ரயில்ல ஏத்திடுவா."

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஃபிலொமேனா மகளின் முழங்கையை உடும்பு மாதிரிப் பிடித்திருந்தாள். "படி இருக்கு. கல்லு இருக்கு. ஆள் வாராங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மகள் அம்மாவுக்கு மரத்தூண் வீட்டைக் காட்டினாள், மீன் சந்தைக் காட்டினாள், கோபுரத்தடிக் காற்றைக் காட்டினாள். அம்மா மகளின் கால் போகிற இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சதுக்கத்தை ஒட்டி, நாலு மூலை வளைவு ஒன்று இருக்கிறது. ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால் எதிர் மூலையில் காதோடு பேசினது போலக் கேட்கும். தண்டனை வாங்கின பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பயணிகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிவிட்டு, அசுந்தா அம்மாவை ஒரு மூலையில் நிறுத்தினாள். தான் மட்டும் தடியைத் தட்டிக்கொண்டு எதிர் மூலைக்குப் போனாள். நான் ஃபிலொமேனா பக்கத்தில் நின்றேன். சுவரிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, நான் ஊருக்கு வரல. அங்க நீ நடத்துற. இங்க நான் நடக்கறேன்."

ஃபிலொமேனா திடுக்கிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரிடமே, "வீட்டுல போயிப் பேசிக்கிடுவோம்" என்றாள். ஆனால் சீட்டு இருந்த பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பெண்ணின் குரல் இனிமேல் காலையில் என் கடை வாசலில் கேட்காது என்றே நினைத்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது மதியச் சாப்பாட்டு வேளை. மழை தூற ஆரம்பித்திருந்தது. அமெதேயோவின் மேசைகள் நிறைந்திருந்தன.

"அம்மா, இங்கதான். பாத்து வா" என்றாள் அசுந்தா.

"எனக்கு ரெண்டு கண்ணு இருக்குட்டி. நீ பேசாம வா" என்றாள் ஃபிலொமேனா. சொல்லிக்கொண்டே மேலே பார்த்தாள். தொங்குகிற தொடைகளை, வீட்டில் பன்றி வளர்த்து உப்புப் போடுகிறவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "இது என்னட்டி, மரமால்லா இருக்கு..." என்று வாயெடுத்தாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் சங்கிலியில் கால் தடுக்கித் தரையோடு தரையாக விழுந்தாள். மிளகாய் மூட்டை அவிழ்ந்து மேசைக்கடியெல்லாம் சிதறியது. அம்மாவின் கை நழுவியதால் அசுந்தா விழாமல் அப்படியே நின்றாள்.

அமெதேயோ ஓடி வந்தார். "அடடா, பாவம்மா! பாத்து வரக் கூடாதா? யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருந்தா..."

ஃபிலொமேனா எழுந்தாள். முழங்காலில் காலுறை கிழிந்து ரத்தம் கசிந்தது. "யாருவே பாவம்? நடக்குற வழிய மறிச்சுக் கட்டிப்புட்டு, விழுந்தவள பாவம்ங்கிதீரா? ஒம்ம கடையில தொடையும் மரம், ஆளும் மரமாவே?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

அப்போதுதான் அசுந்தா, இவ்வளவு நாளில் நான் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டாள். "அம்மா, விழுந்தா ஊருக்குப் போயிடணும்னு சொன்னியே. இப்ப விழுந்தது நீ. யார் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

ஃபிலொமேனா குனிந்து, சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கையில் சுருட்டி என்னிடம் நீட்டினாள். "தாயி, இத ஒங்க கடையிலயே வச்சுக்கிடுங்க." அமெதேயோ வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அசுந்தா நாக்கைச் சொடுக்கினாள். வழி திறந்திருப்பது கேட்டிருக்க வேண்டும். தூணைத் தட்டிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நேராக நடந்தாள். ஃபிலொமேனா நொண்டிக்கொண்டு பின்னால் போனாள். பழக்கதோஷத்தில் அவளுடைய வலக்கை மகளின் முழங்கையை நோக்கி நீண்டது. இடக்கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இரண்டையும் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.