மழைக்காரி நாடகமும் பாலுசாமியின் காதும்

சோமனூர் தறிக் குடோனில் முப்பத்தொரு வருஷமாக நிற்கிறவர் பாலுசாமி. ஒரே கூரைக்குக் கீழே இருபத்துநாலு தறி தடதடக்கிற இடத்தில் வாயைத் திறந்து கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, உதட்டைத்தான் அசைப்பார்கள். எதிர் மூலையில் நிற்கும் நஞ்சப்பன், டீ வந்துவிட்டது என்கிறாரா, முதலாளி வந்துவிட்டார் என்கிறாரா என்று பாலுசாமி இங்கிருந்தே படித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. பஸ்ஸில் முன்சீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுவென்று சண்டை போட்டால், டிரைவர் கண்ணாடியில் அவர்கள் வாயைப் பார்த்து மனைவி வள்ளியாத்தாளுக்கு முழுச் சண்டையையும் சொல்லுவார்.

காது மந்தமாகிக்கொண்டு வருவது அவருக்குத் தெரியாமல் இல்லை. தறிக்காரனுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், இதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டார். ஒரு தடவை யாரோ காதில் அடைத்துக்கொள்ள பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தார்கள். அதை அடைத்தால் தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற சத்தம் மாறுவது தெரியாது, துணி பாழாகிவிடும் என்று தூக்கிப் போட்டார். துணியைக் காப்பாற்றினார். தன் காதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை.

வீட்டிலும் எதிரே நின்று பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே காலம் ஓடியது. முதுகுப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "செவுடன் காதுல சங்கு ஊதுன கணக்கா இருக்குது இந்த மனுசங்கிட்டப் பேசறது" என்று வள்ளியாத்தாள் ஆயிரம் தடவை திட்டியிருக்கிறாள். திட்டுகிற வார்த்தை அப்படியே நிஜம் என்பது அவளுக்கே உறைக்கவில்லை.

சிக்கலானது போனில்தான். ஒரே மகள் வர்ஷினி கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் நாடகக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டால் பாலுசாமி, "சாப்புட்டியா கண்ணு? செரி, அம்மாகிட்டப் பேசு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் போனைக் கைமாற்றிவிடுவார். அந்தப் பக்கம் அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று கேட்க அவர் நின்றதே இல்லை. நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாடகத்தில் சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் பேச மாட்டேன் என்கிறார் என்று அந்தப் பெண் மூன்று வருஷமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

நாடகமோ சாதாரண நாடகமில்லை. 'மழைக்காரி' என்று பெயர். பத்து மாதமாக ஞாயிறு தவறாமல் அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுத்தான். போத்தனூரில் ஒரு கல்யாணத்தில் பேண்டுக்காரர்கள் அந்த நாடகப் பாட்டை வாசித்தார்கள் என்று வள்ளியாத்தாள் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். பின்பாட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுகொண்டிருந்த வர்ஷினிக்கு, மழைக்காரியாக நடித்த பெண் கல்யாணமாகிப் போனதால் அந்த வேஷமே வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, அப்பாவின் எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"ஒரே ஒரு நாளைக்கு வாங்கப்பா. நான் பாடறதக் கேட்டுப்போட்டு எப்படி இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நல்லா இல்லீன்னாலும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"வாரேன் கண்ணு" என்றார் பாலுசாமி. அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கே அவிநாசி ரோட்டு அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். வர்ஷினி நான்காவது வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். விளக்கு அணைந்தது, பறை அடித்தார்கள். அந்த அடி பாலுசாமியின் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பறை கேட்டது, ஊர்க்கவுண்டராக வந்த தடித்த ஆளின் பாட்டுக்கூட முக்கால்வாசி கேட்டது. ஊரை விட்டே அடித்துத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் காலில் அதே ஊர் விழுந்து மழை கேட்கிற கதை. வாயைப் பார்த்து ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டார். ஆட்டக்காரர்கள் குதித்தபோது பலகை அதிர்ந்து அவர் செருப்பு வரைக்கும் வந்தது. இதற்குப் போய் பயந்தோமே, காது அப்படியொன்றும் போய்விடவில்லை என்று நினைத்தார். பக்கத்தில் வள்ளியாத்தாளின் தொடையைத் தட்டி, "நல்லா இருக்குது புள்ள!" என்று சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதாக நினைத்த அந்தச் சொல்லுக்கு முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இடைவேளைக்குப் பின் அந்த இடம் வந்தது. பறை நின்றது, எல்லா வாத்தியமும் நின்றது. கூட்டம் ஒதுங்கி, மேடை நடுவில் வர்ஷினி மட்டும் நின்றாள், மேலே ஒரே ஒரு விளக்கு. மழையைக் கூப்பிடும் பாட்டு அது. வாத்தியம் ஒன்றும் இல்லாமல், செத்த குழந்தையைத் தூங்கவைப்பதுபோல அவள் மெல்லப் பாட வேண்டிய பாட்டு. ஊரே பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான்.

வர்ஷினி வாயைத் திறந்தாள். பாலுசாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு பொட்டுச் சத்தமும் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் தறிக்காரனுக்குச் சத்தம் அடியோடு நிற்பது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: கரண்ட் போய்விட்டது. விளக்கு எரிகிறது, ஆகையால் மைக்குக்குத்தான் கரண்ட் இல்லை. குழந்தை உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறாள், மைக் எடுக்கவில்லை, இத்தனை ஜனமும் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது, ஒரு பயல் எழுந்து சொல்ல மாட்டேன் என்கிறான்! அவருக்கு ரத்தம் கொதித்தது. வள்ளியாத்தாள் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"மைக்கு எடுக்கலீங்க! ஏனுங்க, என்ற புள்ளைக்கு மைக்கு எடுக்கலீங்க! கரண்டப் போடுங்க!"

தன் சத்தத்தின் அளவு தனக்கே தெரியாத தொண்டை. அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது.

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. அந்த முகங்களில் கண்ணீர் இருப்பதை அப்போதுதான் பார்த்தார். இரண்டு சீட் தள்ளி இருந்த ஓர் அம்மாள் முந்தானையால் கன்னத்தைத் துடைத்தபடி அவரை முறைத்தாள். ஒன்றும் கேட்காமல் இத்தனை பேர் அழ மாட்டார்கள். பாலுசாமிக்கு எல்லாம் விளங்கியது. மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவர் உட்கார்ந்தார். மேடையில் வர்ஷினியின் உதடு ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி அசைந்தது. பாட்டு முடிந்ததும் மேடைக்கு மேலிருந்து நாடக மழை பெய்தது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாலுசாமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் பின்வாசலில், முகப்பூச்சுக்கூடக் கலைக்காமல் வர்ஷினி ஓடி வந்தாள். திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றார். அவள் திட்டவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தன வருசமாங்கப்பா?"

"நீ ரெண்டாவது படிக்கறப்பவே போக ஆரம்பிச்சிருச்சு கண்ணு. இத்தன போயிருச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்ப நான் போன் பண்ணறப்பெல்லாம்..."

"ஒண்ணும் கேக்காது சாமி."

"எம்மேல கோவம்னு நெனச்சுட்டு இருந்தனுங்களேப்பா" என்றாள். வள்ளியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அப்பாவின் தோளைப் பிடித்து, காதோடு வாய் வைத்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடினாள். பாடினாள் என்பதே காதில் பட்ட சூடான மூச்சால்தான் அவருக்குத் தெரிந்தது. எதிரே நின்றவரைக்கும் உதடாவது இருந்தது. காதருகே வந்ததும் அதுவும் போய்விட்டது. பாவம், பெண் முழுப் பாட்டையும் பாடி முடித்துத் தலையை நிமிர்த்தினாள்.

"தள்ளி நின்னு பாடு கண்ணு. மொகமாவது தெரியட்டும்" என்றார் பாலுசாமி.

அவளால் மறுபடி பாட முடியவில்லை.

அந்த வாரமே காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நரம்பே செத்துவிட்டது, மிஷின் வைத்தால் சத்தம் வரும், ஆனால் பாட்டெல்லாம் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். பாலுசாமி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் காது போனதுகூடத் துக்கமாக இல்லை. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஆறேழு வயதில் அவள் கீச்சுக் கீச்சென்று அழுதது ஞாபகம் வந்தது. அதற்குமேல் வளர்ந்த பெண்ணுக்கு அவர் மனசில் குரலே இல்லை. அவளோடு வருஷக்கணக்கில் பேசியதெல்லாம் உதடாகத்தான் நினைவில் இருந்தது. அவள் கேட்டதோ ஒரே ஒரு வார்த்தை. ஊரில் எவன் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய அந்த ஒரு வார்த்தையை, பெற்றவனால் இனி எந்த ஜென்மத்திலும் சொல்ல முடியாது. சொன்னால் பொய்.

பத்து நாள் கழித்து மின்தடை. குடோனில் தறியெல்லாம் நின்றிருந்தது. நஞ்சப்பன் சிரித்த முகமாகப் போனை நீட்டினார்.

"உங்க புள்ள பாட்டு ஊரெல்லாம் சுத்துதுங்க. ஆரோ போன்லயே புடிச்சுப் போட்டுட்டாங்க."

பாலுசாமி சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டி, போனைக் காதில் அழுத்திக்கொண்டார். ஒன்றும் இல்லை. கண்ணெதிரே கொண்டுவந்து பார்த்தார். திரையில் கட்டைவிரல் அளவுக்கு வர்ஷினி நின்று வாயசைத்தாள். வா மழையே, வந்தென் பிள்ளையை நனை என்று சொல் சொல்லாகப் படித்தார். படித்ததில் கண் கலங்கிற்று. மறுபடி காதில் வைத்தார், ஒருவேளை வருமோ என்று.

வந்தது. தடித்த, முரட்டுக் குரல் ஒன்று அவர் காதில் தெளிவாகக் கத்தியது: மைக்கு எடுக்கலீங்க!

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. பாட்டை முதலிலிருந்து வைத்து மறுபடி கேட்டார், அதற்குப் பிறகும் ஒரு தடவை கேட்டார். நாலு நிமிஷப் பாட்டில் அவருக்குக் கேட்டது அந்த ஒரு குரல்தான்.