காய்ச்சல் இல்லை, போகலாம்

திருப்பூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு ரூமில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கொரோனா வந்த வருடம், ஊரடங்கில் ஓ.பி.யைப் பூட்டிவிட்டார்கள். பனியன் கம்பெனிகளும் மூடிக் கிடந்ததால் மெஷினில் விரல் மாட்டி வருகிறவர்கள்கூட இல்லை. "சும்மாதான இருக்கறீங்க, கேட்டுக்குப் போங்க" என்று மேனேஜர் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். கூடவே நான்கு கேள்விகள் எழுதிய ஓர் அட்டை: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வெளியூர்ப் பயணம். எமர்ஜென்சி தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் ஆஸ்பத்திரியே என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே சோமனூரிலிருந்து ஓர் ஆம்னி வேன் வந்தது. பின்சீட்டில் ஆறுமுகம் என்ற எழுபது வயதுக்காரர் போர்வை போர்த்திப் படுத்திருந்தார். சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி சரஸ்வதியம்மா இறங்கி ஓடிவந்தார்.

"ஏனுங்க, தறிக்குடோன்ல வழுக்கி உழுந்துட்டாருங்க. காலை ஊனவே முடியலீங்க. சித்த பாருங்க."

ஆறடி தள்ளி நின்று அட்டையைப் படித்தேன். நான்குக்கும் இல்லை என்றார். ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டினேன். காய்ச்சலும் இல்லை.

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்தீங்க? கொரோனாவ வெலைக்கு வாங்கறதுக்கா? சுளுக்காத்தான் இருக்கும். மாத்திரை போட்டு ஊட்லயே படுக்க வைங்க."

அந்தம்மா நகரவில்லை. "இல்லீங்க, திரும்பிப் படுக்கக்கூட முடியாம..." என்று ஆரம்பித்தார்.

"அதான் சொல்லீட்டாங்கல்ல, வண்டிய எடுக்கச் சொல்லு" என்று உள்ளிருந்து ஆறுமுகமே அதட்டினார். வேன் திரும்பிவிட்டது. ஒரு பெரிய மனுசரைக் கொரோனாவிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் பீற்றிக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பதிமூன்றாம் நாள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், டிராக்ஷன் போட வேண்டும் என்று. காலில் பட்டை ஒட்டி, கயிற்றில் எடையைத் தொங்கவிட்டு, ஆபரேஷன் வரை காலை இழுத்து வைக்கும் வேலை அது. போனேன். கதவருகிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவரின் வலது கால் இடது காலைவிடக் குட்டையாக இருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடுப்பு எலும்பு முறிந்தால் கால் இப்படித்தான் கிடக்கும். இதற்கு எக்ஸ்ரேயே வேண்டாம், வார்டு கூட்டுகிற ஆயாம்மாகூடச் சொல்லிவிடுவார். கட்டிலோரம் சரஸ்வதியம்மா நின்றுகொண்டிருந்தார். கணவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகு பயந்துபோய்த் தூக்கி வந்திருக்கிறார்.

அடப்பாவி! அன்றைக்குப் போர்வையை ஒரு தடவை தூக்கிப் பார்த்திருந்தால் போதுமே! பட்டை சுருண்டு ஒட்டிக்கொண்டது, பிய்த்து மறுபடி ஒட்டினேன். குதிகாலில் புண். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். நெஞ்சில் சளி கரகரவென்றது.

அந்தம்மா மருந்து வாங்கப் போனதும் அவர் காதருகே குனிந்தேன். "ஐயா, அன்னைக்கு உங்களத் திருப்பி அனுப்புனது நான்தானுங்க. காலைப் பாக்காம உட்டுட்டனுங்க."

"தெரியுமுங்க, கொரல் ஞாபகம் இருக்குது" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார். "உழுந்தப்பவே மளுக்குனு சத்தம் கேட்டுச்சுங்க. எலும்புதான்னு எனக்குத் தெரியும். உள்ள போனாப் பொட்டலம் கட்டித்தான் குடுப்பாங்கன்னு டிவில பாத்தனுங்க. நீங்க போகச் சொன்னதும் எனக்கு உசுரே வந்துச்சு. அவ மறுக்கா மறுக்கா ஆஸ்பத்திரி போலாம்னா. நாந்தான் அதட்டி வெச்சிருந்தேன். அவகிட்ட மட்டும் எதையும் சொல்லிராதீங்க."

 சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

பெரிய டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "விழுந்த உடனே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி மறுநாளே வாக்கர்ல நிக்க வெச்சிருக்கலாம். யாரு இவர இத்தன நாள் படுக்கப் போட்டது?"

"நான்தாங்க சார்" என்றேன்.

"உங்களுக்குமா காலைப் பாக்கச் சொல்லித்தரணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

கொரோனா டெஸ்ட் ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் காத்திருந்தோம். இல்லை என்று வந்தது. நெஞ்சுச் சளி குறையாமல் ஆபரேஷன் பண்ண முடியாது என்று மயக்கமருந்து டாக்டர் சொல்லிவிட்டார். சளி குறையவில்லை. வார்டில் சேர்த்த ஐந்தாம் நாள் காலையில் ஆறுமுகம் இறந்துபோனார். கொரோனாவால் இல்லை, படுத்தே கிடந்ததால்.

சில வாரம் கழித்து, எக்ஸ்ரே ஃபிலிமை வாங்க சரஸ்வதியம்மா வந்தார். என்னைத் தேடிவந்து கும்பிட்டார்.

"எல்லாரும் வெரட்டுன நேரத்துல நீங்க ஒருத்தருதானுங்க நல்ல வார்த்தை சொல்லி அனுப்புனீங்க. இல்லீன்னா அன்னைக்கே உள்ள போட்டு, மூஞ்சியக்கூடக் காட்டியிருக்க மாட்டாங்க. பதிமூணு நாளு எங்கூட ஊட்ல இருந்தாருங்க. நீங்க நல்லா இருக்கோணும் சாமி."

அந்தப் பதிமூன்று நாள்தானம்மா அவரைக் கொன்றது என்று வாய் வரைக்கும் வந்தது. அவருக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்கள் கையிலும் ஏதாவது ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதில் உள்ளதைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் வந்தவருக்கு எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். அந்தம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.