ஆயுத பூஜையன்று எங்கள் கண்காட்சி

எண்பதுகளின் கடைசியில் ஓவியக் கல்லூரி மாணவர்களான நாங்கள் இருவர் நவீனக் கலைக் கண்காட்சி வைக்க அம்பத்தூரில் கிடைத்த இடம் ஒரு லேத் பட்டறை. ஆயுத பூஜைக்கு மெஷின் ஓடாது, இடம் சும்மாதான் கிடக்கும் என்று முதலாளி கொடுத்தார். பூஜையே அங்கேதான் நடக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

நண்பன் ஃபிஜித் தீவுக்காரன். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன தமிழரின் கொள்ளுப்பேரன். பக்கத்து ஊரான பாடியில் பொறுக்கிய பழைய இரும்பில் தன் தீவுப் படகைச் செய்து நடுவில் நிறுத்தியிருந்தான். நான் சுவரில் ஓர் ஓவியம் மாட்டியிருந்தேன். அதில் என் ஆன்மாவே இருந்தது என்பது அப்போது என் கருத்து.

பட்டறைத் தொழிலாளி ஒருவர் சந்தனம், குங்குமத்தோடு வந்தார். லேத்துக்குப் பொட்டு வைத்தார். படகுக்கும் வைத்தார்.

“அண்ணாத்தே, அது சிற்பம்!” என்று கத்தினேன்.

“இன்னாவா இருந்தா இன்னா? இரும்புதானே. இன்னிக்குப் போய் மொட்டையா வுடலாமா?”

நண்பன் கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன், “முன்பக்கமும் ஒண்ணு வைங்க” என்று காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து அவர் என் ஓவியத்தின் முன் நின்றார். தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, மேலே துருத்திக்கொண்டிருந்த ஆணிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.