லட்டு யார் பேச்சைக் கேட்கும்?

கோபியின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், லட்டு வாசல் கேட்டுக்கு ஓடிவிடும். சொர்ணத்தின் கையிலிருந்து தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டைக்கூடப் பாதியில் துப்பிவிட்டு ஓடும். அந்த எச்சில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொர்ணம் கேட்டை முறைத்தபடி நிற்பாள்.

பூந்தமல்லி பக்கம் நூம்பலில், பாஸ்கரன் சார் வீட்டில் அவள் வேலை செய்கிறாள். லட்டு அந்த வீட்டு லாப்ரடார் நாய். அது குட்டியாக வந்த சமயம் சாரின் மனைவி கஸ்தூரி அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். தயிர்சாதத்தை மையப் பிசைந்து ஊட்டி வளர்த்தது சொர்ணம்தான். தீபாவளி வெடிக்குப் பயந்து அது ஒளிந்துகொண்டதும் அவள் புடவை மடிப்புக்குள்தான். அவளுக்கு இரண்டு பையன்கள். இரண்டு பேரும் கம்பெனி ஷிப்டுக்குப் போய்வந்து தூங்குவார்கள். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்க மாட்டார்கள். லட்டு மட்டும் அவள் வருகிறபோது வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டும்.

சங்கிலி பிடித்த கஸ்தூரி அம்மாவை லட்டு ஒருநாள் தெருவில் இழுத்துத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகுதான் நாய் பழக்குகிற கோபி, அம்பத்தூரிலிருந்து விடிந்தும் விடியாமலும் வர ஆரம்பித்தான்.

"பாத்தியா சொர்ணம், தம்பி கைய அசைச்சாலே உக்காந்துடுது" என்றார் கஸ்தூரி அம்மா.

"பாக்கெட்ல கோழிக்கறி வெச்சிக்கினு வந்தா நான்கூடத்தான் உக்காருவேன்."

கோபி சிரித்தான். "உனுக்கும் ஒரு துண்டு எடுத்தாரட்டுமாக்கா?"

"வெள்ளிக்கெழம அதுவுமா கவுச்சி பேச்சு பேசாத நைனா."

வெயில் காம்பவுண்டு சுவரைத் தாண்டி இறங்கியதும் கோபி நிறுத்திவிடுவான். நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் காட்டுவான். "நமக்கு மாதிரி இதுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்காதுக்கா. நாக்கத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கணும். சொன்ன பேச்ச கேக்குதேன்னு வெயில்ல வேல வாங்கினா உசுரே பூடும்" என்பான். தெருவில் இறக்குவதற்கு முன்னால் குனிந்து புறங்கையைத் தாரில் வைத்துப் பார்ப்பான்.

'ரோட்டுக்கு ஜுரம் பாக்குறான் டாக்டரு' என்று சொர்ணம் மனசுக்குள் பழிப்பாள். உடனே, 'கருமாரித் தாயே, என் வாயக் கழுவு' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

சித்திரை முடிகிற நேரம், மகளின் பிரசவத்துக்காக சாரும் அம்மாவும் பெங்களூர் கிளம்ப வேண்டியிருந்தது. எப்போது ஊருக்குப் போனாலும் லட்டுவைச் சொர்ணத்தின் வீட்டில்தான் விடுவார்கள்.

"இந்தத் தடவ கோபிகிட்டயே விட்டுடலாமான்னு பாக்கறேன். இப்ப அவன் பேச்சதானே அது கேக்குது" என்றார் கஸ்தூரி அம்மா.

அன்றைக்குச் சொர்ணம் தேய்த்த தேய்ப்பில் பாத்திரமெல்லாம் பளபளத்தது. 'என் பேச்ச கேக்காதா? நாலு நாள் நான் பழக்கினேன்னா தெரியும் சேதி.'

மறுநாள் அவர்கள் பூந்தமல்லிக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். சொர்ணம் வேலையை முடித்தபோது உச்சிவெயில். சங்கிலியை எடுத்தாள். அம்மன் கோயில் வரைக்கும் இழுக்காமல் நடத்தி, கஸ்தூரி அம்மா வந்ததும் அவர் எதிரில் நடத்திக் காட்ட வேண்டும். தெருவில் இறங்கும்போது கோபி செய்வது ஞாபகம் வந்தது. அவளும் பார்த்தாள், ஆனால் காலை வைத்து. 'இம்மாஞ் சூட்டுக்கா இத்தினி பில்டப்பு?' என்று நடந்தாள்.

புருஷன் விபத்தில் பிழைத்து எழுந்த வருஷம், இனி செருப்பே போடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் அவள். ஆடிக்கு ஆடி தீ மிதிக்கிறவள். அந்தப் பாதத்துக்கு எந்த ரோடும் சுடாது.

லட்டு முதலில் அழகாக நடந்தது. பிறகு ஓரமாக இழுத்தது. ஒரு காலைத் தூக்கியது, அதை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்கியது.

"இன்னாக்கா, உன் நாயி டான்ஸ் ஆடுது?" சர்வீஸ் ரோட்டில் மரத்தடியில் நுங்கு விற்கும் வடிவு கத்தினாள்.

சொர்ணத்துக்குச் சுருக்கென்றது. "அவன் சொன்னா மட்டும் கேப்ப, நான் சொன்னா அடம் பண்ணுவியா? உக்காரு!"

லட்டு அவள் முகத்தைப் பார்த்தது. உட்கார்ந்தது.

கொதிக்கிற தாரில், உடம்பு நடுங்க நடுங்க, நாக்கு ஒருபக்கம் தொங்க, அவள் சொன்ன இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சொர்ணம் பூரித்துப்போனாள். "பாத்தியாடி வடிவு!" என்று திரும்பினாள். மறுபடி லட்டுவைப் பார்த்தபோதுதான் அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிவதும் கண் சொருகுவதும் தெரிந்தது. தூக்கப் போய்க் கையைத் தரையில் ஊன்றினாள். வீல் என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, என் தாயே!"

வடிவு ஓடிவந்தாள். இருவருமாக லட்டுவை மரத்தடிக்குத் தூக்கினார்கள். பாதத்தில் தோல் உரிந்திருந்தது. யாரைக் கூப்பிடுவது? ஒரே ஒருத்தனைத்தான் கூப்பிட முடியும்.

"தம்பி, வெயில்ல நடத்திட்டேன், சர்வீஸ் ரோட்டு மரத்தடில லட்டு சாவுது தம்பி" என்று போனில் அழுதாள்.

"அழுவாதக்கா. குடத்துத் தண்ணி கீதா? வயித்துல, தொடையிடுக்குல, கால்ல ஊத்திக்கினே இரு. ஐஸு வாணாம். விசிறு. குடிச்சா கொஞ்சமா குடு, வாயில ஊத்தாத. வந்துகினே கீறேன்."

வடிவின் குடம் காலியானது. முந்தானையால் விசிறியபடி சொர்ணம் அம்மனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கோபி ஆட்டோவோடு வந்தான். மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டு, நான்கு காலுக்கும் கட்டுப் போட்டார். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்.

பதறிக்கொண்டு கஸ்தூரி அம்மா வந்து சேர்ந்தார். "எப்படி ஆச்சு?"

சொர்ணம் வாய் திறப்பதற்குள் கோபி முந்திக்கொண்டான். "சங்கிலி அவுந்து ரோட்டுக்கு ஓடிடுச்சும்மா. பாவம், அக்காதான் தொரத்திப் புடிச்சிருக்காங்க."

சொர்ணம் அவனை வெறித்துப் பார்த்தாள். நாயைத்தான் எடுத்துக்கொண்டான். நல்லவன் என்கிற பேரையுமா? இவன் போட்ட பிச்சையில் அவள் தப்பிக்க வேண்டுமா?

"இல்லம்மா" என்றாள். "நான்தான் இட்டுக்கினு போனேன். உக்காருன்னு சொன்னதும் நான்தான். கொதிக்கிற ரோட்ல அது உக்காந்துச்சும்மா, நான் சொன்னேன்னு."

கஸ்தூரி அம்மா குனிந்து லட்டுவின் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அவர் பேசுகிறவரை சொர்ணம் காத்திருக்கவில்லை. "நீங்க ஊருக்குப் போறப்போ தம்பி ஊட்லயே உடுங்க. எங்கூடு தகர ஷீட்டு. அனல் தாங்காது."

கோபி குனிந்து லட்டுவைத் தூக்கினான். அது கட்டுப்போட்ட கால்களைத் தொங்கவிட்டு, அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

'அது என் தோள்ல சாய வேண்டிய தலை' என்று நினைத்தாள் சொர்ணம். தப்புதான் தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவை நோக்கி அவன் பின்னால் நடக்கும்போது மறுபடியும் அதையேதான் நினைத்தாள்.