வண்டிக்குப் பேய் பிடித்த வெள்ளிக்கிழமைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. கல்யாணம் முடித்து என்னை விளாங்குடிக்கு அனுப்பும்போது அம்மா நகையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். முதல் ஒரு வருஷம் மட்டும் வாயைத் திறக்காமல் இரு என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வருஷத்தில்தான் இத்தனையும் நடந்தது.

என் மாமனாருக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். உயரமான பெரிய வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் வந்த அடுத்த மாதமே வெள்ளை நிற எஸ்.யூ.வி. ஒன்று வாசலில் வந்து நின்றது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். விளாங்குடித் தெருவில் அப்போது ஸ்கூட்டர்கள்தான் அதிகம். மாமியார் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "எல்லாம் மருமக வந்த நேரம்" என்று சொன்னார். அந்த வண்டிக்காக நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. ஆனாலும் ஓசியில் கிடைத்த பெயரை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? சிரித்துக்கொண்டே நின்றேன்.

வண்டி ஓட்டுவது என் கணவர். மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. அவர் வண்டியைக் கும்பிடுவார். டேஷ்போர்டின் நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பித்தளைப் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பிள்ளையாருக்கு ஸ்பூனால் பாலும் தண்ணீரும் பன்னீரும் ஊற்றி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். பெரிய கோயிலில்கூட அவ்வளவு நிதானமாக அபிஷேகம் நடந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. சொட்டு மழை இல்லை. வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்தினால் நிற்கவில்லை. மறுநாள் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன, தாமாகத் திறந்துகொண்டன. செல்லூரில் ஒரு பாய் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தார். அவர் கடைக்கு வெள்ளி விடுமுறை, சனி ஞாயிறு கூட்டம். திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல நின்றது. பாய் எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆட்டம். திங்கட்கிழமை மறுபடியும் சாது. இப்படியே ஒன்றரை மாதம் போனது.

வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வருகிற நோயை மாமியார் நோய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கண் பட்டிருக்கிறது என்றார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். முன்னால் கறுப்புக் கயிறு கட்டினோம். பூசணிக்காய் சுற்றி உடைத்ததில் எதிர்வீட்டுக்காரர் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். மாமா தன் பங்குக்குச் செவ்வாய்க்கிழமையும் ஒரு அபிஷேகத்தைச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டிக்கு ஒரு நாளும் ஓய்வில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கேதத்துக்குப் போனபோதுதான் மானம் கப்பலேறியது. இறந்தவர் மாமாவுக்கு நெருங்கிய பங்காளி. வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கிக் கதவைச் சாத்தியதும் நான்கு பக்க விளக்கும் கல்யாண வண்டி மாதிரி மின்ன ஆரம்பித்தது. கூடவே ஹாரன், விட்டு விட்டு, ஒரு தாளக்கட்டோடு. கொட்டு அடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கும் வரை துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் வண்டியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார், "மருமக வந்த நேரம்." அதே மூன்று வார்த்தைகள்தான். ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். எனக்கு உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. வண்டி வந்ததும் நான் இல்லை, வண்டி கெட்டதும் நான் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

கேதத்துக்குப் பிறகு பாய் வண்டியை ஒழுங்காகப் பார்த்தார். ஒரு ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பாடி கன்ட்ரோல் மாடியூல் போய்விட்டது என்றார். வைப்பர், விளக்கு, ஹாரன், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுக்கிற பெட்டி அது, டேஷ்போர்டுக்குள் இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார். "அம்புட்டும் ஒரே பெட்டிக்குள்ளயா?" என்று மாமா ஆச்சரியப்பட்டார். எங்கள் வீட்டில் மாமியார் பார்க்கிற வேலை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதையும் வெளியே சொல்லவில்லை. புதுப் பெட்டிக்குச் சென்னைக்குச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி வந்து சேர்ந்த அன்று ராத்திரி மாமியார் முடிவைச் சொன்னார். விலை உயர்ந்த சாமான் மாட்டும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமாம். ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமாம். என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு எதையும் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. ஒரு வாரம் என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். புதுப் பெட்டியும் கெட்டுப்போனால் அந்த ஒரு வாரம் எத்தனை மாதம் ஆகும் என்பதும் தெரியும். நிஜமாகவே பயந்துபோனேன். பையில் துணிகளை அடுக்கினேன். காலையில் கொண்டுபோய் விட வசதியாக என் கணவர் அதை வண்டியின் பின்பக்கம் வைத்துப் பூட்டினார்.

காலையில் பின்கதவு திறக்கவில்லை. சாவி போட்டும் திறக்கவில்லை, இழுத்தும் திறக்கவில்லை. பை இல்லாமல் மருமகளை அனுப்பினால் கே.கே. நகரில் என்ன நினைப்பார்கள் என்று மாமியாருக்கு யோசனை வந்துவிட்டது. பெட்டி மாட்டி முடித்ததும் போகட்டும் என்றார். அந்த வீட்டில் எனக்காகப் பேசிய முதல் ஆள் அந்த வண்டிதான்.

பாய் வீட்டுக்கே வந்து வேலையை ஆரம்பித்தார். பேட்டரியைக் கழற்றினார். பிள்ளையாரைப் பெயர்த்து மாமா கையில் கொடுத்தார். என் கணவர் கழற்றிய பலகைகளைத் தாங்கிக்கொண்டிருந்தார். டார்ச் பிடிக்க ஆள் இல்லாததால் நான் முன் சீட்டில் ஏறி வெளிச்சம் காட்டினேன். மாமியார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாய் பழைய பெட்டியை வெளியே எடுத்துவிட்டார்.

கறுப்பாக இருக்க வேண்டிய பெட்டி சந்தன நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் காய்ந்த பால் ஏடு. பாய் மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கோயிலில் அபிஷேகத் தண்ணீர் வெளியே போகக் கோமுகம் இருக்கிறது. இங்கே பிள்ளையாருக்கு முன்னால் கண்ணாடிக்குக் காற்று வரும் சந்துதான் இருந்தது. வெள்ளிக்கிழமை அதன் வழியே இறங்கியதெல்லாம் மதுரை வெயிலில் திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும். எனக்கு மண்டைக்குள் பளிச்சென்று எல்லாம் விளங்கியது. பாய்க்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. ஆனால் மாமா கையில் பிள்ளையாரை வைத்துக்கொண்டு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வார்? நல்ல மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, மழைத் தண்ணி இறங்கியிருக்கும் அண்ணே என்றார். பழைய பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு, வேகவேகமாகப் புதுசை மாட்ட ஆரம்பித்தார்.

விளாங்குடியில் மழை பெய்து பல மாதமாகியிருந்தது. மாமியாரோ, இருக்கும் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மழையும் என் நேரத்தால்தான் பெய்திருக்க வேண்டும். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மாமாவுக்குத் தலைகுனிவு, சொல்லாவிட்டால் எனக்கு அம்மா வீடு.

மாமா குனிந்து பழைய பெட்டியை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கடையில் கொத்தமல்லி விதையை முகர்ந்தே தரம் சொல்கிற மூக்கு அது. இன்னொரு தடவை முகர்ந்தார்.

"மழையில பன்னீர் வாசம் எங்கிட்டு பாய் வரும்? நான்தான் ஊத்துனேன். என் கையால ஊத்திப்புட்டு, இந்தப் பிள்ளைய இத்தன நாளு ஏச்சுக் கேக்க விட்டுட்டேன்."

சத்தமாகவே சொன்னார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தப்புக் கணக்கைக்கூடச் சரி என்று சாதிக்கிற மனிதர் மாமா. அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. மாமியார் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாக, "அப்ப உங்க நேரந்தான் சரியில்லையாக்கும்" என்றார்.

இத்தனை மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த பதில்கள் நிறைய. குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் திருத்தித் திருத்திக் கூர் தீட்டியவை. அந்த நிமிஷம் ஒன்றுகூட வரவில்லை. கையில் டார்ச்சோடு, பிரித்துப்போட்ட டேஷ்போர்டின் மேல் குனிந்தபடியே, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாய் புதுப் பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மாமியார்தான் வந்து என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து, முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அழுகுறதுன்னா இங்கிட்டு வந்து அழு. புதுசும் நனைஞ்சிரும்."