இரு, ரயில் போகட்டும்

குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அம்மா எங்கே நிற்க வேண்டும்? பக்கத்திலா, எதிரிலா, கதவுக்கு வெளியிலா? எம்.எஸ்சி. வரை படித்தவள் நான். இதற்கு மட்டும் இன்று வரை விடை தெரியவில்லை.

மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு பாட்டு வரும். குழந்தை அதை அபிநயத்தோடு பாடும் வீடியோவைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். யூனிஃபார்ம் போட்டிருக்க வேண்டும், பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும். "முடிந்தால் அனுப்புங்கள்" என்றுதான் மிஸ் எழுதுவார். அந்த 'முடிந்தால்' என் கண்ணில் பட்டதே இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் மற்ற அம்மாக்கள் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள், எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டில் வெறும் சுவர் என்பது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டடி. வீடு அண்ணனூரில், தண்டவாளத்தை ஒட்டிய ஃபிளாட். அந்த வாரம் வந்தது வாத்துப் பாட்டு, எட்டே வரி. வாத்து குளத்தில் இறங்கும், முங்கும், எழுந்து இறக்கையை உதறும். சரியாக முங்கும் இடத்தில் ஹாரன் அடிக்கும்.

"இரு, ரயில் போகட்டும்" என்பேன். அவள் முங்கியபடியே நிற்பாள். ரயில் போனதும் மறுபடி முதல் வரியிலிருந்து. இந்த முறை விரல் மூக்குக்குள் இருக்கும். "மூக்குலேருந்து கைய எடு." அடுத்த முறை ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பாடுவாள். "இங்க பாரு, சிரி."

பத்தொன்பதாவது முறை, கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. வேணும்னா நான் யூனிஃபார்ம் போட்டுட்டு வந்து நிக்கட்டுமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். அதுவும் பதிவாகிவிட்டது. இருபதாவது முறை தொடங்கியது.

மாதக் கடைசியில் பள்ளியில் பாட்டுப் போட்டி. பள்ளி பருத்திப்பட்டில் இருக்கிறது, அங்கே ரயில் சத்தமே கேட்காது. அவள் கண்ணில் படும்படி முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதுதான் கடமை என்று நினைத்தேன்.

மேடையேறினாள். வாத்து குளத்தில் இறங்கியது. "இங்க பாரு, சிரி" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடுத்த வரி. "மூக்குலேருந்து கைய எடு." கை மூக்கில் இல்லவே இல்லை. ஆனால் என் குரல், என் அவசரம், என் எரிச்சல் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பிறகு முங்கினாள். "இரு, ரயில் போகட்டும்."

குனிந்தபடியே நின்றாள். வராத ரயிலுக்காக ஒரு ஹால் முழுக்கக் காத்திருந்தது. ரயில் போய்விட்டது என்று நான்தான் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து, பச்சைக் கொடி காட்டுவதுபோல் கையை ஆட்டினேன். அதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வழக்கம்போல முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

மிஸ் வந்து மெல்லக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஓடி வந்து என் மடியில் ஏறி, "அம்மா, ஒண்ணுகூட விடாம சொல்லிட்டேன்ல?" என்று கேட்டாள். "ஆமாண்டா தங்கம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பரிசு போனதில் வருத்தமில்லை. பாட்டு என்றாலே அம்மாவின் அதட்டல் என்று அவள் மனதில் பதிந்துவிட்டதோ என்பதுதான் பயம். இரண்டு நாள் கழித்துப் பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணனிடம் புலம்பினேன்.

"இன்னாம்மா நீ? பாப்பா வேன்ல சோக்கா பாடிக்கினு வருது. வாத்து, குளம், எல்லாம் கரெக்டா. நடுவுல ரயிலு கியிலு ஒண்ணும் வர்றதில்ல. உன் தலை தெரிஞ்சாதான் கம்முனு ஆயிடுது" என்றார்.

போன சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். பால்கனியில் துணி காயப்போடுவதுபோல் நின்றேன். உள்ளே அவள் வாத்துப் பாட்டை முழுசாகப் பாடினாள். அதட்டல் இல்லை, ரயில் இல்லை. நிஜமாகவே ஒரு ரயில் போனது, அதற்கும் மேலே குரலை உயர்த்திப் பாடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு என்ன செய்தேன் தெரியுமா? ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். என்னைக் கண்டதும் ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாள்.

இப்போது புதிதாகத் தவளைப் பாட்டு வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: இதை நான் சொல்லிக் கொடுக்கட்டுமா, வேனுக்கே விட்டுவிடட்டுமா? சொல்லிக் கொடுப்பதென்றால், நீங்களெல்லாம் எங்கே நின்றீர்கள்?